சண்டை போடவும் ஒரு சாமி வேண்டும்

துக்க வீட்டுக்குப் போய், "எல்லாம் கடவுள் சித்தம், மனசைத் தேத்திக்குங்க" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை. மாதாவைத் தேடி வந்தவர்களுக்கே ஏன் இப்படி? இதற்கு யாராவது பதில் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பதில் கிடைக்காவிட்டாலும் ஆட்கள் கிடைத்தார்கள். நாகூர் தர்கா இடத்தில் எந்த மதம் என்று பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்தார்கள். அந்த நேரத்துக்கு அதைவிடப் பெரிய பக்தி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. மகளை அலை கொண்டுபோனது. மாரியம்மன் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். விளக்கேற்றவில்லை. தினமும் அந்தப் படத்தின் முதுகைப் பார்த்துத் திட்டுவார். மாமியார் ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை. அந்தக் கிழவியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அக்காவுக்குப் பக்தி போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. இல்லாத ஆளோடு யார் சண்டை போடுவார்கள்?

அக்கா குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு, மறுபடி கருத்தரிக்க வழிசெய்யும் ஆபரேஷனை அரசே இலவசமாகச் செய்து கொடுத்தது. அதற்குக் கிளம்பிய அன்று காலையில் படத்தைத் திருப்பி வைத்துத் துடைத்தார். "கோவம் போகல. ஆனா கேக்கறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார். அந்தக் கோபத்தோடேயே கேட்க முடிந்ததே, அதைத்தான் நான் நம்பிக்கை என்று சொல்வேன். டாக்டர் ஒரு பக்கம், மாரியம்மன் ஒரு பக்கம். அடுத்து ஒரு மகன் பிறந்தான்.

டிசம்பர் 26 வந்தால் எங்கள் கரையில் பால் ஊற்றி, பூத் தூவி அழுவார்கள். அக்காவும் மகளுக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டோடு போவார். கூடப் போகும் பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவனுக்காக வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிற அக்கா, மகளைப் பற்றிய கேள்வியை மட்டும் மாரியம்மனிடம் இன்னும் விட்டபாடில்லை.