கரண்ட்டைக் கூட்டியிருந்தால்?

"இன்னும் பத்து நாள் கூடுதலாகக் கரண்ட் வைத்திருந்தால் பிழைத்திருப்பார்." நுரையீரல் புற்றுநோயில் ஒருவர் போன வீட்டில் இந்தப் பேச்சு எப்படியும் எழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சைக் (ஊர்ப் பேச்சில் கரண்ட்) குறைத்துக் கொடுத்துவிட்டார்கள், மெஷின் பழையது என்று துக்கம் விசாரிக்க வந்தவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அந்தச் சொல்லை ஆயுள் முழுக்கச் சுமப்பவர்கள் மனைவியும் பிள்ளைகளும்தான்.

கூட்டிப் பார்த்தாயிற்று ஐயா. அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 500 பேருக்கு மேல், அமெரிக்காவிலும் கனடாவிலும், ஆர்டிஓஜி 0617 என்ற ஆய்வில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), அதாவது நாளுக்கு 2 கிரே வீதம் 30 முறை. இன்னொரு பிரிவுக்கு 74 கிரே. கீமோ இரு பிரிவுக்கும் உண்டு. 2015இல் வெளியான முடிவின்படி, 60 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 28.7 மாதம், 74 பெற்றவர்களுக்கு 20.3 மாதம். கூட்டியவர்களுக்குத்தான் ஆயுள் குறைந்தது. இதயத்தின் மேல் விழுந்த கதிர் ஒரு காரணம் என்கிறார்கள், சரி. ஆனால் கட்டி அதே இடத்தில் மறுபடி வளர்வதும் குறையவில்லையே, அதற்கு இதயம் என்ன செய்யும்?

கதிர் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் நீரை உடைத்து, வினைத்துடிப்பு மிகுந்த மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை டிஎன்ஏவின் இரு இழைகளையும் அறுக்கின்றன. செல் அதை ஒட்டவைக்க முடியாமல் சாகிறது. கட்டியை மறுபடி வளர்க்கவல்ல ஒரு சிறு செல் கூட்டம் கட்டிக்குள் இருக்கிறது என்பதுதான் கேன்சர் ஸ்டெம் செல் கொள்கை. கதிரின் தாக்குதலைத் தாங்குவதும் இந்தக் கூட்டம்தான் என்கிறார்கள். 1990களில் டொராண்டோவில் ஜான் டிக் குழு, ரத்தப் புற்றுநோயில் நோயை மறுபடி உண்டாக்கும் இப்படியொரு கூட்டத்தைக் காட்டியது. 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தார், மூளைக் கட்டியின் இத்தகைய செல்கள் அறுந்த டிஎன்ஏவை மற்றவற்றைவிட வேகமாகச் சரிசெய்துகொள்வதைக் கண்டார்கள். 2008இல் ரோமில் நுரையீரல் கட்டியிலிருந்தும் இவற்றைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டில், மார்பகக் கட்டியின் ஸ்டெம் செல்கள் அந்த வினைத்துடிப்பு மூலக்கூறுகளை உடனுக்குடன் தணித்துவிடுவதைப் பார்த்தார்கள்.

இங்கே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. "வேரை அறுத்தால் நோய் போகும்" என்று இந்தக் கொள்கையை எளிமையாக்கிச் சொல்வது பாதி உண்மைதான். வேர் எங்கே, இலை எங்கே என்று செடியில் காட்டலாம், கட்டியில் அது நிலையாக இருப்பதில்லை. கதிர் பட்ட சாதாரணப் புற்றுச் செல்லே ஸ்டெம் செல் குணத்துக்கு மாறுவதை 2012இல் மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் கண்டிருக்கிறார்கள். நுரையீரலில் இவற்றை அடையாளம் காட்டும் சிடி133 போன்ற மேற்பரப்புப் புரதக் குறிகளும் எல்லா நோயாளியிடமும் ஒரேபோல் நம்பத்தக்கவை அல்ல. இது தனிச் சாதிச் செல் அல்ல, செல்லுக்கு வாய்க்கும் ஒரு நிலை என்றே நான் எண்ணுகிறேன்.

நுரையீரலைப் பொறுத்தவரை, அந்த நிலைக்குப் பின்னால் இருக்கும் மரபணுவைத் தேடியதில்தான் உருப்படியான பலன் கிடைத்தது. என்ஆர்எஃப்2 என்ற புரதம், அந்த வினைத்துடிப்பு மூலக்கூறுகளைத் தணிக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட்டின் உற்பத்தியைச் செல்லில் முடுக்கிவிடும், அதை அடக்கிவைப்பது கீப்1 என்ற மரபணு. கீப்1 பழுதானால் கதிர் உண்டாக்கும் மூலக்கூறுகள் செல்லை எளிதில் அழிக்க முடியாது. எலியின் மூச்சுக்குழாய் ஸ்டெம் செல்களில் பி53 என்ற மரபணுவோடு சேர்த்து இந்த மரபணுவையும் நீக்கியபோது கதிரைத் தாங்கும் கட்டி உருவானது. இந்தப் பழுதுள்ள நோயாளிகளுக்குக் கதிர் பட்ட இடத்திலேயே நோய் திரும்புவது அதிகம் என்பதும் 2017இல் வெளியான அதே ஆய்வில் தெரியவந்தது.

இதைப் படித்த பிறகுதான் "கதிர்வீச்சு எடுக்கும்போது உடம்பைத் தேற்ற" என்று விற்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் பொடிகளின் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது. புற்றுச் செல் எந்தக் கேடயத்தைத் தானே செய்துகொள்கிறதோ, அதையே காசு கொடுத்து வாங்கி ஊட்டுகிறோமா? சாப்பாட்டில் வரும் பழமும் கீரையும் வேறு விஷயம். அதிக அளவு மாத்திரையும் பொடியும் கதிர்வீச்சு நாட்களில் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிலரோ ஒரு படி மேலே போய், "கேன்சர் ஸ்டெம் செல்லை மட்டும் குறிவைத்துக் கொல்லும் மூலிகை" என்றே வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். ஆய்வகத் தட்டில் செல் செத்தால் அது மருந்தாகிவிடாது.

கதிர்வீச்சின் அளவைப் பற்றிச் சண்டை போடும் குடும்பத்தினர் அந்தத் தெம்பை வேறு இரண்டு கேள்விகளில் செலவிடலாம். கதிரும் கீமோவும் முடிந்தபின் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராக முடுக்கும் மருந்து, தர முடியுமா? பசிஃபிக் என்ற ஆய்வில் துர்வாலுமாப் என்ற இத்தகைய மருந்தைப் பெற்றவர்களில் 42.9 சதவீதம் பேர் ஐந்தாண்டு உயிரோடு இருந்தார்கள், பெறாதவர்களில் 33.4. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது என்பது தனிக் கொடுமை. அடுத்த கேள்வி, பயாப்சியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? அந்த மாற்றம் ஆசியர்களிடம் அதிகம். இருந்தால், கதிர்வீச்சுக்குப் பின் ஓசிமெர்டினிப் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் மீண்டும் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 39.1 மாதம், எடுக்காதவர்களுக்கு 5.6 மாதம். 2024இல் வந்த லாரா ஆய்வின் கணக்கு இது. நான்காம் நிலைக்குத்தான் இந்தச் சோதனை என்று யாராவது சொன்னால், மூன்றாம் நிலைக்கும் கேளுங்கள்.