கியர் எண்ணைப் பார்த்து ஓட்டக் கற்பது சரியா?

அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்தவுடன், ஸ்கூட்டர் வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்று உறுதியாக நின்றாள். நாமக்கல்லில் ஒரு ஷோரூமில் இரண்டு வண்டிகளுக்கிடையே முடிவெடுக்க முடியாமல் என்னை அழைத்து, "மாமா, ஒன்னுல எந்த கியர்ல போறோம்னு மீட்டர்லயே நம்பர் காட்டுது. புதுசா ஓட்டுறவங்களுக்கு அது இருக்கறதுதான நல்லது?" என்று கேட்டாள். யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதன்பின் மூன்று மாதம் ஞாயிறு காலைகளில் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் அந்தப் பதிலை மாற்றிக்கொண்டுவிட்டேன். கற்கத் தொடங்கும் முதல் சில வாரங்களில் அந்த எண் தேவையில்லை. சொல்லப்போனால், கற்பதற்கு அது இடைஞ்சலாக இருக்கிறது.

முதல் நாளிலேயே கவனித்தேன். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும், மாற்றுவதற்கு முன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை என்று அவள் கண்கள் மீட்டருக்கு இறங்கின. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். நம் ஊர்ச் சாலையில் அந்த 11 மீட்டருக்குள் ஓர் ஆடு குறுக்கே வரலாம், எதிர்த்திசையில் ஒரு சைக்கிள் வரலாம். அவளுக்கு வந்தது வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை. கீழே விழவில்லை என்றாலும், வண்டியை ஓரம் கட்டியபோது அவள் கைகள் நடுங்கின. மூன்றாவது கியர் விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

கண் கீழே போவது ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணைப் பார்த்து ஓட்டப் பழகுபவர் தவறான கேள்வியைக் கேட்கப் பழகுகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. எத்தனையாவது கியரில் இருக்கிறோம் என்பதைவிட, இந்த வேகத்துக்கும் இந்தச் சுமைக்கும் இந்த ஏற்றத்துக்கும் என்ஜின் இயல்பாக இழுக்கிறதா என்பதைத்தான் ஓட்டுபவர் அறிய வேண்டும். சமதளத்தில் தனியாகப் போகும்போது 35 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக ஓடும் அதே மூன்றாவது கியர், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும்போது முக்கத் தொடங்கும். இரண்டு இடத்திலும் திரை 3 என்றுதான் காட்டும். ஆனால் வண்டி திணறுவதை என்ஜின் சத்தமும், கால்வைக்கும் கம்பியில் தெரியும் அதிர்வும், ஆக்சிலரேட்டரைத் திருகியும் வண்டி முன்னேறாத அந்தத் தயக்கமும் எண்ணுக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. கண் அந்த எண்ணிலேயே நிற்கும்வரை காது இவற்றைப் பிடிக்கப் பழகுவதில்லை.

எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது என்ற பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டது அப்பாவின் ஆர்எக்ஸ் 100 வண்டியில். அதில் நியூட்ரலுக்கு மட்டும் ஒரு விளக்கு உண்டு. நான்காவது கியரில் இருந்துகொண்டே இல்லாத ஐந்தாவதைத் தேடி லீவரை உதைத்த நாட்கள் எனக்கும் உண்டு. இருபது வருடம் ஓட்டியவர்களிலும், பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பி 25 கிலோமீட்டர் வேகத்திலேயே டாப் கியரில் வண்டியை இடிக்க இடிக்க ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். டாப் கியரில் இருப்பது தெரிந்தேதான் அவர்கள் அப்படி ஓட்டுகிறார்கள் என்பதால், அவர்களுக்கு எந்த எண்ணும் உதவாது.

எண் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் சிக்னல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பைக்கின் கியர்ப்பெட்டியில் நான்கிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவ முடியாது. ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். திடீரென்று பிரேக் போட்டு நின்றுவிட்டால், உள்ளே சுழற்சி நின்று, கியர்களை இணைக்கும் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதால் லீவர் இறங்க மறுக்கும். கிளட்சைச் சற்றே விட்டுப் பிடித்தாலோ, வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தாலோதான் விழும். புதியவர் இது தெரியாமல் மூன்றாவதிலேயே கிளட்சை விட, வண்டி அணைந்துபோய், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். நின்றிருக்கும்போது எண்ணைப் பார்ப்பதில் ஆபத்தும் இல்லை. ஆனால் ஒன்று கீழே, மற்றவை மேலே என்ற அமைப்புள்ள வண்டியில், கிளட்சைப் பிடித்தபடி இனி இறங்காது என்னும் வரை லீவரைக் கீழே தட்டினால் முதல் கியரில்தான் வந்து நிற்கும். இதைக் காலே சொல்லிவிடும்.

இன்னொரு சிக்கல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அத்தானின் பழைய ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரையும் முன்னால் அழுத்தியே கூட்ட வேண்டும்; இவள் வண்டியில் கூட்டுவதற்கு லீவரை மேலே தூக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால், கூட்ட நினைத்துக் குறைத்துவிடும் அபாயம் இருக்கிறது. அந்த நிலையில் எண் ஒரு துணை என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கற்கும் மாதங்களில் ஒரே வண்டியை ஓட்டுவது அதைவிட நல்லது என்று சொல்லி ஸ்ப்ளெண்டரை அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன்.

எண் இல்லாத வண்டியைத் தேடி வாங்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ்6 விதிகள் வந்தபின் என்ஜினைக் கணினியும் சென்சார்களும் கவனித்துக்கொள்வதால், எண்ணைத் திரையில் காட்டுவது எளிதாகிவிட்டது. பழைய தோற்றத்தையே விடாமல் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இலும் 2024-இல் அது வந்துவிட்டது. ஆறு கியர் வண்டியில் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகும் அனுபவசாலிக்கு, கடைசி கியரில்தான் இருக்கிறோமா என்று உறுதிசெய்துகொள்ள அது பயன்படுகிறது. அவர் காது முன்பே சொன்னதைக் கண்ணால் சரிபார்க்கிறார். புதியவருக்குச் சரிபார்க்க இன்னும் எதுவும் இல்லை.

ஆகவே கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சிறு துண்டு வெட்டி, வேகமும் நியூட்ரல் விளக்கும் மறையாதபடி எண் வரும் மூலையில் மட்டும் ஒட்டிவிட்டேன். முதலில் அவளுக்குக் கோபம்தான். உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டும்போது தாழ்ந்த கியரில் மெதுவாகச் சுற்றி முடித்துவிடலாம் என்பதால், மூன்றுக்கும் நான்குக்கும் எப்போது போக வேண்டும் என்பதை அந்தச் சோதனை கேட்பதே இல்லை. வீட்டில் உள்ளவர்கள் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு. முதல் வாரம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எத்தனையாவது கியர் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது வாரம் எண்ணைச் சொல்லாமல், வண்டி திணறுகிறதா, கத்துகிறதா, சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

மூன்றாவது மாதம் கொல்லிமலைக்குப் போனோம். அவள் வண்டியில் அவள், பின்னால் என் வண்டியில் நான். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போதுதான் எனக்குப் பயம். வளைவுக்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறைத்துவிட்டு, கிளட்சைப் பிடித்து உருட்டாமல் என்ஜினின் பிடியிலேயே இறங்க வேண்டும். தலையைக் குனிந்து எதையும் பார்க்க அங்கே நேரமில்லை. பாதி மலையில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, "ரெண்டாவதுன்னு நினைக்கிறேன் மாமா, ஆக்சிலரேட்டர விட்டதுமே வண்டி புடிச்சுக்குது, அப்படியே வர்றேன்" என்றாள். டேப்பை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.