பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தால் என்ன?

ஆஸ்பத்திரிக் குப்பை என்றாலே நமக்கு நெல்லைதான் ஞாபகம் வரும். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. கோபப்பட வேண்டிய விஷயம், கோபப்பட்டோம். ஆனால் இந்தக் குப்பை எங்கிருந்து கிளம்புகிறது என்று யாரும் பேசுவதில்லை.

லேபில் ஒரு தடவை கையை நீட்டினால் ஊசி, இரண்டு மூன்று டியூப், பஞ்சு, கையுறை எல்லாம் செலவு. ஊசி வெள்ளை டப்பாவுக்கு, டியூபும் கையுறையும் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. நிறம் பார்த்துப் பிரித்துப் போட்டதோடு நம் சுற்றுச்சூழல் கடமை முடிந்துவிடுகிறது!

ஆனால் குப்பை மட்டுமா, ஒவ்வொரு டெஸ்டாலும் கரியமில வாயுவும் காற்றில் சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் 2020இல் ரத்தப் பரிசோதனைகளுக்கு இந்தக் கார்பன் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். முழு ரத்த அணுக்கள் பரிசோதனைக்கு 116 கிராம். அதில் பெரும்பகுதி மெஷினால் வருவதில்லை, ரத்தம் எடுக்கிற வேலையால் வருவது. ஏற்கெனவே எடுத்த ரத்தத்திலேயே கூடுதலாகச் செய்கிற, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சி.ஆர்.பி. டெஸ்டுக்கோ வெறும் அரை கிராம். ஸ்கேன்களை 2022இல் கணக்கிட்டபோது எம்.ஆர்.ஐ.க்கு 17.5 கிலோ, சி.டி.க்கு 9.2 கிலோ, அல்ட்ராசவுண்டுக்கு அரை கிலோ என்று வந்தது.

அப்படியென்றால் ஒரே குத்தில் எல்லாவற்றையும் பார்க்கிற 'ஃபுல் பாடி செக்கப்' நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வினை. ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் 'நார்மல்' அளவு பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்குப் பொருந்துகிற அளவு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத ஆளுக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டிக் காட்ட ஏறக்குறைய 64 சதவீதம் வாய்ப்பு. தடித்த எழுத்தில் அதைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மறுபடி ரத்தம், ஒரு அல்ட்ராசவுண்ட், 'எதுக்கும் ஒரு சி.டி. பார்த்துடுவோம்'. அரை கிராமில் ஆரம்பித்தது ஒன்பது கிலோவில் வந்து நிற்கும். பணம் தனிக்கதை.

இதைவிட எனக்கு எரிச்சல், ஆஸ்பத்திரி மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வது. ஹெச்.பி.ஏ.1.சி. என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துக் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற டெஸ்ட்; சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மருந்தும் மாறாமல் உடம்பும் மாறாமல் இருக்கிறவருக்குப் போன மாதம் பார்த்த ஹெச்.பி.ஏ.1.சி.யை இந்த மாதம் மறுபடி பார்த்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள்? அவசரம், நிலைமை மோசமாகிவிட்டது, பழைய முடிவு நோயோடு பொருந்தவில்லை என்றால் எடுக்கத்தான் வேண்டும், அதில் தகராறே இல்லை. 'எங்க லேப் ரிசல்ட்டைத்தான் சார் டாக்டர் பார்ப்பாரு' என்பதெல்லாம் ஒரு காரணமா? அப்புறம் எதற்கு இத்தனை லேப்கள் என்.ஏ.பி.எல். என்கிற தேசியத் தர அங்கீகாரம் வாங்கி வாசலில் போர்டு மாட்டுகின்றன?