சமத்து

போன வாரம் மூன்று இரவுகள் எங்கள் வீட்டில் ஒரு ஜப்பானியத் தொடர் ஓடியது. அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலத்தையும் படிக்க வராது. அதனால் ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் அம்மா விடவில்லை, "சுக்கு காப்பி போட்டுத் தரேன், சொல்லு" என்றாள். பக்கத்தில் மாமா, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. வயது 61. எங்கள் பக்கத்தில் 'விவரம் பத்தாது' என்பார்களே, அப்படித்தான் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். டாக்டர் சொல்லும் பெயர் எதையும் எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

தொடர், டி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2015ல் வந்தது. 'அல்ஜெர்னானுக்கு ஒரு பூங்கொத்து' என்று பொருள்படும் தலைப்பு. யமாஷிதா டொமொஹிசா நடித்தது. சகுதோ என்கிற 28 வயதுக்காரன், அறிவு வளர்ச்சி ஆறு வயதுப் பிள்ளை அளவுக்கு. பூக்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஒரு மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ஜெர்னான் என்ற எலிக்கு அறிவைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து அதை மனிதனுக்குச் செய்து பார்க்க வேண்டும். சகுதோ ஒப்புக்கொள்கிறான். அறிவு மளமளவென்று ஏறுகிறது. ஏறியது அப்படியே நிற்காது என்பது எலியைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது.

கதையின் வேர் அமெரிக்காவில். டேனியல் கீஸ் 1959ல் சிறுகதையாக எழுதி, 1966ல் நாவலாக விரித்தது. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளின் வகுப்பிலிருந்து ஒரு பையன் வந்து, நான் நன்றாக உழைத்து அறிவாளியாகிவிட்டால் என்னைச் சாதாரண வகுப்பில் சேர்ப்பீர்களா என்று கேட்டானாம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கதை இது. ஜப்பானில் இந்தக் கதைக்குத் தனி மவுசு. 2002லும் ஒருமுறை தொடராக எடுத்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழிபெயர்ப்பு செய்த ஓபி ஃபுஸா ஓர் அழகான வேலை செய்திருக்கிறார். ஜப்பானியக் குழந்தைகள் முதலில் கற்பது ஹிரகானா என்ற எளிய எழுத்து. காஞ்சி எழுத்துகள் பிறகு வருடக்கணக்காகப் படிப்பது. நாவலின் நாயகன் ஆரம்பத்தில் பிழையோடு ஹிரகானாவில் எழுதுகிறான். அறிவு ஏற ஏறக் காஞ்சி வருகிறது. இறங்கும்போது அதுவும் போய்விடுகிறது. படிக்காமல் பக்கத்தை வெறுமனே பார்த்தாலே அவன் நிலை கண்ணுக்குத் தெரியும்.

சரி, தொடருக்கு வருகிறேன். சகுதோவுக்கு ஏன் அறிவாளியாக வேண்டும்? அவனைப் பெற்றவள் அவனை வேண்டாம் என்று தள்ளிவிட்டவள். அறிவு வந்துவிட்டால் அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கும் என்று நினைக்கிறான். ஜப்பானிய மொழியில் 'ஓரிகோ' என்று ஒரு சொல் உண்டு. புத்திசாலி என்றும் பொருள், சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளை என்றும் பொருள். குழந்தையைக் கொஞ்சவும் சொல்வார்கள், சொன்ன இடத்தில் உட்கார்ந்த நாயைத் தட்டிக்கொடுத்தும் சொல்வார்கள். இதற்குத் தமிழில் யோசிக்கவே வேண்டியதில்லை, 'சமத்து' என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா டக்கென்று மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எத்தனை ஆயிரம் முறை அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டிருக்கும். "தம்பி சமத்தாச் சாப்பிடு." "சமத்தா இரு, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்." சமத்தாக இல்லாவிட்டால் கூட்டிப் போக மாட்டார்கள் என்பதுதான் அதன் மறுபக்கம். அறிவும் அடக்கமும் அன்புக்கான தகுதியும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. சகுதோவின் ஆசை அவனுக்குள் தானாக முளைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சுற்றி இருந்தவர்கள் ஊற்றி ஊற்றி வளர்த்த ஆசை அது.

என்னை உலுக்கியது அந்தச் சிரிப்புதான். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள், சகுதோவும் சேர்ந்து சிரிக்கிறான். நண்பர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், தானும் அதில் ஒருவன் என்பது அவன் நம்பிக்கை. அறிவு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எதைப் பற்றியது என்று பழையதெல்லாம் திரும்ப வந்து அடிக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அம்மாவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போடும் நேரம் ஒன்று உண்டு. யாராவது மாமாவைக் கூப்பிடுவார்கள். "தம்பி, ஏழும் அஞ்சும் எத்தினி?" மாமா விரல்களை மடக்குவார். பத்து விரல் தீர்ந்ததும் திகைத்து நின்று, பிறகு கேட்டவரின் கையைப் பிடித்து அவர் விரல்களை எண்ணத் தொடங்குவார். கூட்டம் சிரித்துத் தள்ளும். மாமாவும் சிரிப்பார், கண்ணில் நீர் வரும்வரை. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. நானும் சிரித்திருக்கிறேன். பன்னிரண்டு என்று கத்திவிட்டு, பெரியவர்கள் என்னைச் 'சமத்து' என்றதையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நினைத்தால், தன் விரல்கள் போதவில்லை என்றதும் அடுத்தவர் கையைக் கடன் கேட்டது எவ்வளவு சரியான வழி. அது யாருக்கும் படவில்லை.

இந்த மாதிரித் தொடர்களை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். ஒரு மனக்குறை எனக்கு உண்டு. அறிவு வளர்ச்சி குறைந்த ஒருவரைத் திரையில் ஏற்ற வேண்டுமானால் இரண்டில் ஒரு சீட்டு அவர் கையில் இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்று அபூர்வத் திறமை, இல்லையென்றால் மாசில்லாத மனசு. காகிதத்தைக் கிழித்து ஒட்டிப் படம் செய்த யமாஷிதா கியோஷி (1922–1971) என்ற நிஜ ஓவியரை வைத்து 1980 முதல் 1997 வரை ஒரு தொடர் ஓடியது. ஊர் ஊராக நாடோடியாகத் திரிந்தவர் அவர். நாகஓகா வாணவேடிக்கையை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளில் அவர் செய்த படத்தைப் பார்த்தால் மலைத்துப் போவோம். தொடரில் அவர் போன இடத்திலேயே படம் செய்துவிட்டுக் கிளம்புவார். நிஜத்தில் திரும்பி வந்து நினைவிலிருந்துதான் செய்தார். 1996ல் ஃபூஜி தொலைக்காட்சியில் வந்த ஒரு தொடரின் நாயகி அறிவு வளர்ச்சி குறைந்த பெண், கலைத்திறமை உள்ளவள். தலைப்பே 'ப்யூர்', அதாவது தூய்மை. இரண்டு சீட்டும் அவளிடம் இருந்தன.

மாமாவிடம் எந்தச் சீட்டும் இல்லை. அவருக்குப் படம் வரையத் தெரியாது, பாட்டு வராது, தேதி சொன்னால் கிழமை சொல்லத் தெரியாது. மாசில்லாத மனசும் இல்லை. கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். தனக்கு வைத்த ஜிலேபியைத் தின்றுவிட்டு என்னுடையதையும் எடுத்து ஒளித்துவைப்பார். மனுஷன், அவ்வளவுதான். அவரைப் பற்றி யாரும் தொடர் எடுக்க மாட்டார்கள்.

இந்த 2015 தொடரை நான் மேலாகச் சொல்வது இதனால்தான். சகுதோவுக்கு அறிவு வந்ததும் அவன் தெய்வமாகிவிடவில்லை. கசப்பு வருகிறது, கர்வம் வருகிறது, நண்பர்கள் விலகுகிறார்கள். முன்பு அவனைக் கீழே பார்த்தவர்களை இப்போது அவன் கீழே பார்க்கிறான். குறை இல்லாமலும் இல்லை. மிக அழகான நட்சத்திரத்தை இந்த வேடத்தில் போட்டு, நம்மை உருக வைக்கத் தொடர் சில இடங்களில் ரொம்பவே மெனக்கெடுகிறது. இந்த உருக்கத்தைப் பற்றி ஜப்பானியர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். 2016 ஆகஸ்ட் 28 அன்று, நிப்பான் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற 24 மணிநேரத் தர்ம நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் 'பரிபரா' நிகழ்ச்சி, மாற்றுத்திறனாளிகளை வைத்து மற்றவர்களை அழவைக்கும் சூத்திரத்தை நேரலையில் பிரித்துப் போட்டது. பேசியவர்களில் மாற்றுத்திறனாளிகளே இருந்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது.

ஆனால் அழுவது பாவமில்லை. அழுதுவிட்டுப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கேள்வி. 'ப்யூர்' ஒளிபரப்பானது 1996 ஜனவரி முதல் மார்ச் வரை. நாடே அந்தப் பெண்ணை நேசித்த அந்த மூன்று மாதமும், அவளைப் போன்றவர்களுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமலே கருத்தடை செய்ய அனுமதிக்கும் சட்டம் ஜப்பானில் அமலில் இருந்தது. 1948ல் வந்த சட்டம். 'தாழ்ந்த சந்ததி பிறப்பதைத் தடுப்பது' என்று நோக்கத்தை முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவுகளை நீக்கியது அதே 1996ல், தொடர் முடிந்த பிறகு. அதற்குள் சுமார் 25,000 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்துவிட்டது, அவர்களில் சுமார் 16,500 பேருக்குச் சம்மதமே இல்லாமல். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலை 3 அன்று. இளம்பிள்ளைகளாகப் போய்ப் படுத்தவர்கள் முதியவர்களாகி நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2016 ஜூலை 26, கனகவா மாகாணத்தின் சகாமிஹராவில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லத்தில், முன்பு அங்கே வேலை செய்த ஒருவன் நள்ளிரவில் புகுந்து 19 பேரைக் கொன்றான். மற்றவர்களோடு பேசிப் புரியவைக்க முடியாதவர்கள் வாழத் தேவையில்லை என்பது அவன் எண்ணம். செத்தவர்களின் பெயரைக் காவல்துறை வெளியிடவில்லை, குடும்பங்கள் வேண்டாம் என்றன. அக்கம்பக்கம் என்ன பேசும் என்ற பயம். நீதிமன்றத்திலும் எழுத்துக்குறிகளால்தான் குறிப்பிட்டார்கள். 2020 ஜனவரியில் விசாரணை தொடங்கிய அன்று ஒரு தாய் மட்டும் தன் மகளின் பெயரையும் படங்களையும் வெளியிட்டார். செத்தவர்களில் அந்தப் பெண்ணை மட்டும் நீதிமன்றம் பெயருடன் 'ஸன்' சேர்த்துக் குறிப்பிட்டது.

'ஸன்' மரியாதை விகுதி. சின்னவர்களையும் செல்லத்தையும் கூப்பிட 'ச்சான்', 'குன்' என்று வேறு உண்டு. ஐம்பது வயது மாற்றுத்திறனாளியையும் குழந்தைபோல அப்படிக் கூப்பிடும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது, பெரியவர்களுக்கு 'ஸன்' சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று பல இல்லங்களில் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் மாமாவை யாரும் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரர் பையன், பத்து வயது, "ஏய் தம்பி, சொம்பக் கொண்டா" என்பான். நானும் "மாமா வா, மாமா போ"தான். உரிமை என்று நினைத்திருந்தேன். பெரிய மாமாவிடம் அந்த உரிமையை நான் எடுத்துக்கொண்டதே இல்லை.

கடைசிப் பகுதி முடிந்தபோது மணி பன்னிரண்டரை. எலி செத்ததில் மாமா வருத்தமாகத் தூங்கப் போய்விட்டார். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பையனை இனிமே யாரு பாத்துப்பா?" என்றாள். அம்மாவுக்கு 68 வயது. கேட்டது சகுதோவைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் இதற்கென்றே 'ஓயா நகி அதோ' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது, பெற்றவர்கள் போன பிறகு என்று அர்த்தம், இப்படிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் சந்தித்தால் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும் என்று சொன்னேன். அம்மா அந்த மூன்று சொல்லையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நமக்கு மட்டும்னு நெனச்சேன்" என்றாள். நான் இருக்கிறேன் அம்மா என்றேன். தலையை ஆட்டினாள், விளக்கை அணைத்தாள்.

மறுநாள் மதியம் இலை போட்டுவிட்டு, "மாமா, சாப்பிட வாங்க" என்றேன். மாமா எழுந்திருக்கவில்லை. கழுத்தை எட்டி வாசல் பக்கம் பார்த்தார், யார் வந்திருக்கிறார்கள் என்று.