மூன்றாவது டிக்கெட்

(1958. பாரிஸை ஒட்டிய சாந்-மோர். ழாக் தாத்தியின் ‘என் மாமா’ படம் பார்த்துவிட்டு ஒரு தம்பதி இரவில் வீட்டுக்கு நடக்கிறார்கள். மனைவியின் தம்பியோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.)

கணவர்: இதற்குப் போய் கான் திரைப்பட விழாவில் பரிசா! ஆளுக்கு நாலு வார்த்தைகூடப் பேசவில்லையே.

மனைவி: பேசாமலே எல்லாம் புரிந்ததே. படத்தில் வருகிற அந்த ஆர்ப்பெல் அப்படியே நீங்கள்தான்.

கணவர்: நானா? அவர் பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனி வைத்திருக்கிறார். நான் தபால் ஆபீஸ் குமாஸ்தா.

மனைவி: கம்பெனிதான் குறைச்சல். வாசல் மணி அடித்ததும் அவர் பெண்டாட்டி ஓடிப்போய் மீன் சிலையின் வாயில் தண்ணீர் திறந்துவிடுகிறாள். வந்தது கூடப்பிறந்தவன் என்றால் உடனே நிறுத்திவிடுகிறாள். நம் வீட்டில் மீன் சிலை இல்லை, அவ்வளவுதான். மானேஜருக்கு நல்ல வைன், என் தம்பிக்குக் குழாய்த் தண்ணீர்.

கணவர்: உன் தம்பி என்ன செய்தான்? புது ஃபிரிட்ஜில் தூண்டில் புழு டப்பாவை வைத்தான். வெண்ணெய்க்குப் பக்கத்தில்!

மனைவி: மூடி போட்டுத்தானே வைத்தான்.

கணவர்: மூடியில் ஓட்டை!

மனைவி: பின்னே, புழுவுக்கு மூச்சு முட்டாதா?

கணவர்: நல்லா இருக்கு நியாயம்! படத்து மாமனும் இதே ரகம். வேலைக்குச் சேர்த்துவிட்டால், குழாய் சாசேஜ் மாதிரி முடிச்சு முடிச்சாக வருகிறது.

மனைவி: ஆர்ப்பெல் பையன் யாரோடு ஒட்டிக்கொண்டான்? தாய்மாமனோடுதானே? தானியங்கி கராஜ் கதவு முன்னால் நாய் ஓடி, புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே மாட்டிக்கொண்டபோது உங்களுக்குச் சிரிப்பே வரவில்லை.

கணவர்: கதவு நல்ல கதவு. நாய்தான் சரியில்லை. அந்த மாதிரி வீடு ஒன்று... ஹும். அது நீஸ் ஸ்டுடியோவில் போட்ட செட்டாம். பழைய தெரு மட்டும் நம் ஊரில் எடுத்தது.

மனைவி: பார்த்தீர்களா, மாமன் இருக்கிற தெரு நிஜம். நீங்கள் ஏங்குகிற வீடு அட்டை.

கணவர்: அது கிடக்கட்டும். சில்லறை குறைகிறதே, இரண்டு டிக்கெட்டுக்கா இவ்வளவு?

மனைவி: பரிசு வாங்கிய படம், விலையை ஏற்றியிருப்பார்கள். அப்புறம், கடைசிக் காட்சி?

கணவர்: அதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. மச்சானை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆர்ப்பெல் விசில் அடிக்கிறார். யாரோ ஒருத்தன் திரும்பிப் பார்த்துக் கம்பத்தில் முட்டிக்கொள்கிறான். பையன் அப்பா கையைப் பிடித்துக்கொள்கிறான். விசில் சத்தம் கேட்டு எந்த மடையனாவது திரும்புவானா?

(பின்னாலிருந்து விசில். கணவர் நடந்துகொண்டே திரும்புகிறார். டங்!)

கணவர்: ஐயோ, மூக்கு! எவன்டா அது?

மனைவி: மூன்றாவது டிக்கெட்.

கணவர்: (மூக்கைத் தடவியபடி, இருட்டில் உற்றுப் பார்த்து) கையில் என்ன டப்பா?