பழைய காப்புரிமை மாளிகையில் லத்தீனோ கலை

வாஷிங்டன் நகரின் நடுவே, கிரேக்கக் கோயிலை ஒத்த தூண்களுடன் நிற்கிறது பழைய காப்புரிமை அலுவலகக் கட்டடம். 1836-இல் கட்டத் தொடங்கப்பட்ட இம்மாளிகையில்தான் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1841 முதல் 1876 வரை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. 1865 மார்ச்சில் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது நடன விருந்தும் இங்கேயே நடந்தது. 1950-களில் இதை இடித்து வாகன நிறுத்துமிடமாக்கும் திட்டம்கூட இருந்தது. அதிலிருந்து தப்பிய கட்டடத்தில் இன்று, அமெரிக்க அரசு சார்ந்த அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது.

இங்கே 2013 அக்டோபரில் தொடங்கிய ‘நமது அமெரிக்கா’ கண்காட்சியைப் பற்றி இப்போதும் பேச வேண்டியிருக்கிறது. கார்மென் ராமோஸ் தொகுத்த அக்கண்காட்சியில் 72 லத்தீனோ கலைஞர்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வேர்கள் கொண்ட அமெரிக்கக் கலைஞர்களின், 92 படைப்புகள் இடம்பெற்றன. அவற்றில் ஒன்றுகூட இரவல் இல்லை என்பதையே அதன் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். அத்தனையும் அருங்காட்சியகத்தின் சொந்தச் சேகரிப்பு. லத்தீனோ மக்களை ஸ்மித்சோனியன் வேண்டுமென்றே புறக்கணித்து வந்திருக்கிறது என்று அந்நிறுவனம் அமைத்த பணிக்குழுவே 1994-இல் அறிக்கை அளித்திருந்தது. அப்படிப்பட்ட குற்றச்சாட்டுக்கு ஒரு பருவகாலக் கண்காட்சி பதிலாகாது. இரவல் ஓவியங்கள் திரும்பிப் போனதும் சுவர் பழையபடி காலியாகிவிடும். சேகரிப்பில் சேர்ந்த படைப்பைப் பாதுகாக்கவும் ஆராயவும் அடுத்த தலைமுறைக்குக் காட்டவும் நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கண்காட்சியில் இருந்த, பெப்போன் ஒசோரியோ 1988-இல் உருவாக்கிய சரவிளக்கை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மணிகளுக்கும் போலி முத்துகளுக்கும் இடையே பிளாஸ்டிக் பனைமரங்கள், டோமினோக் காய்கள், குட்டிப் பொம்மைகள், புனிதர் உருவங்கள் என்று இடைவெளியே தெரியாமல் மலிவான சிறு பொருள்கள் அடர்ந்து தொங்குகின்றன. நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களின் எளிய வீடுகளிலும் தொங்கிய சரவிளக்குகளே இதற்குத் தூண்டுதல். கையில் பணமில்லாதபோதும் வீடு ஒளிர வேண்டும் என்ற அந்த ஆசையை ஒசோரியோ இரக்கத்துக்குரியதாகக் காட்டவில்லை. அதன் முழுப் பகட்டோடும் பெருமையோடும் தலைக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கிறார்.

அமாலியா மேசா-பெய்ன்ஸ் நடிகை டோலோரஸ் டெல் ரியோவுக்காக அமைத்த படையல் மேடையும் அவ்வாறே வீட்டிலிருந்து வந்ததுதான். மெக்சிகோ மரபில் இறந்தவர்களுக்கு வைக்கும் படையலின் முறையில் புகைப்படங்கள், கண்ணாடி, சரிகைத் துணி, உலர்ந்த மலர்கள் என்று அடுக்கப்பட்ட அந்த மேடை, பெண்கள் வீட்டுக்குள் காத்துவந்த ஒரு கலையை அரசுக் கட்டடத்தின் சலவைக்கல் தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. மரபு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படிப் பெயர் பதியாத கைகளின் உழைப்புதான்.

‘லத்தீனோ கலை’ என்பதே பொருளற்ற வகைப்பாடு என்று அப்போது வாஷிங்டன் போஸ்ட் விமர்சகர் எழுதினார். ஃப்ரெடி ரோட்ரிகஸின் வடிவியல் ஓவியத்துக்கும், பூச்சிக்கொல்லியை எதிர்த்து எஸ்டர் எர்னாண்டஸ் வரைந்த, உலர்திராட்சைப் பெட்டியில் எலும்புக்கூடு சிரிக்கும் சுவரொட்டிக்கும் பாணியில் எந்த உறவும் இல்லை என்பது உண்மையே. ஆனால் இவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்ப்பது பாணியன்று. அமெரிக்கக் கலை வரலாறு எழுதப்பட்டபோது இவர்கள் எல்லோரும் ஒன்றாக விடுபட்டார்கள் என்ற நடப்பு. அதைத் திருத்தும்வரை இந்த வகைப்பாட்டுக்கு வேலை இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கும் லூயிஸ் ஹிமெனஸின் ‘வக்கேரோ’ சிற்பம் இந்த வாதத்தை எளிதாக நிறுவிவிடுகிறது. தளபதிகளின் குதிரைச் சிலைகள் நிறைந்த நகரத்தில், துள்ளும் நீலக் குதிரைமேல் ஒரு மெக்சிகோ மாடுமேய்ப்பவர் துப்பாக்கியை உயர்த்துகிறார். அமெரிக்கா தன் அடையாளமாகக் கொண்டாடும் கவ்பாய்களின் தொழிலும் கருவிகளும், வரலாற்றில் விடுபட்ட இந்த ஸ்பானிய, மெக்சிகோ மேய்ப்பர்களிடமிருந்து வந்தவை.

லத்தீனோ மக்களுக்கென்று தனித் தேசிய அருங்காட்சியகம் அமைக்க 2020 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி இந்தப் படைப்புகளைப் பழைய மாளிகையிலிருந்து ஒதுக்கிவிடக் கூடாது. மற்ற அமெரிக்க ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே, நிரந்தரக் கூடங்களில் அவை இருக்க வேண்டும். புதிய படைப்புகளை வாங்குவதற்கான நிதியும் ஆண்டுதோறும் தொடர வேண்டும்.