தன் முடிவையே சோதனைக்கு அனுப்பிய டாக்டர்

"இந்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு வேற வேலையே இல்லை. முட்டை கெட்டதுன்னாங்க, இப்ப நல்லதுங்கிறாங்க. எதைத்தான் நம்புறது?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் பேச்சு இது. சொன்னவரே கொஞ்ச நேரத்தில் வெந்தயத்தால் சர்க்கரை நோய் ஓடிப்போகும் என்று ஒரு வீடியோவும் அனுப்புவார். அந்த வீடியோவில் பேசுபவர் மட்டும் ஒருநாளும் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். நம் ஆட்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

எனக்குப் பிடித்தவர் வேறு மாதிரி. பெயர் ஜோஆன் மேன்சன். ஹார்வர்டு பேராசிரியர், ஹார்மோன் நோய்களில் பயிற்சி பெற்ற டாக்டர். பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் நோய்த்தடுப்பு மருத்துவப் பிரிவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர். பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், எந்த மாத்திரை போடுகிறார்கள், அதனால் மாரடைப்பும் சர்க்கரை நோயும் புற்றுநோயும் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பார்ப்பதிலேயே தொழில் வாழ்க்கை முழுவதையும் செலவழித்தவர்.

அவர் துறைக்குள் வந்த காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு என்றால் ஆண்களின் நோய் என்று டாக்டர்களே நினைத்திருந்தார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற சோதனையில் 22,071 டாக்டர்கள் கலந்துகொண்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. அந்த முடிவை வைத்துப் பெண்களுக்கும் மாத்திரை எழுதினார்கள்.

பெண்களைப் பற்றி உருப்படியாகத் தகவல் சேர்ந்த ஓர் இடம், நர்ஸ்கள் ஆய்வு. 1976ல் ஃபிராங்க் ஸ்பைசர் தொடங்கியது, 121,700 நர்ஸ்கள். கருத்தடை மாத்திரையால் பின்னாளில் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். நர்ஸ்கள் என்பதால் தங்களுக்கு வந்த நோயின் பெயரைச் சரியாக எழுதுவார்கள், தபால் போட்டால் பதிலும் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் போகும். 1980ல் வால்டர் வில்லட் உணவுக் கேள்விகளைச் சேர்த்தார். பிறகு கால் நகத்தைக்கூட வெட்டி அனுப்பச் சொன்னார்கள், உடம்பில் உள்ள தாதுக்களை அளக்க. பல்லாயிரம் பெண்கள் சிரத்தையாக நகம் வெட்டி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்!

இந்தத் தகவல் குவியலில்தான் மேன்சன் தன் பெயரைச் சம்பாதித்தார். 1995ல் உடல் எடையையும் மரணத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. மேலோட்டமாகப் பார்த்தால், ரொம்ப ஒல்லியாக இருந்த பெண்களும் அதிகமாக இறந்ததுபோல் தெரிந்தது. 'அப்போ சதை போட்டிருந்தால்தான் ஆயுசு கெட்டி' என்று தலைப்பு போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. சிகரெட் பிடிப்பவர்கள் ஒல்லியாக இருப்பார்கள், உள்ளே நோய் இருப்பவர்களும் இளைத்துப்போவார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டார். ஒல்லியானவர்களுக்கு இருந்த ஆபத்து காணாமல் போய்விட்டது. 1999ல் நடைப்பயிற்சி பற்றிய ஆய்வு வந்தது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் விறுவிறுவென்று நடந்தாலே பெண்களுக்கு இதய நோய் 30 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது, ஓடுவதற்கு ஈடான பலன். (பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே தெருமுனை வரை போய்வருவது இந்தக் கணக்கில் வராது.)

இனி ஹார்மோன் கதைக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

மெனோபாஸ் வந்த, அதாவது மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்பது அப்போது அமெரிக்காவில் பெரிய வியாபாரமாக இருந்தது. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அதில் பெரும்பங்காக இருந்தது. உடம்பில் அனல் அடிப்பது, ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது எல்லாம் அந்த மாத்திரையால் தணியும். அத்தோடு இதயத்துக்கும் நல்லது என்று பேச்சு கிளம்பியது. 1996ல் நர்ஸ்கள் ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வந்தது: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இதய நோய் சுமார் 60 சதவீதம் குறைவு. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் மேன்சனும் ஒருவர்.

அதே மேன்சன்தான் அந்த முடிவைச் சோதித்துப் பார்க்கும் வேலையிலும் இறங்கியிருந்தார். 1991ல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர் பெர்னடீன் ஹீலி, பெண்கள் ஆரோக்கியத்துக்கென்றே ஒரு மாபெரும் திட்டத்தைத் தொடங்கினார். 40 மையங்கள், 161,808 பெண்கள். பாஸ்டன் மையத்தின் பொறுப்பு மேன்சனிடம். ஹார்மோன் பகுதியில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

எட்டரை வருடம் நடக்க வேண்டிய சோதனை. 2002 ஜூலையில், சராசரியாக 5.2 வருடத்திலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. பக்கவாதமும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கூடின. காப்பாற்றும் என்று நம்பிய இதயத்தில் நோய் கூடியிருந்தது. மறுவருடம் இதயம் பற்றிய விரிவான கட்டுரைக்கு மேன்சனே முதல் ஆசிரியர். முதல் வருடத்தில் ஆபத்து மிக அதிகம் என்று அதில் எழுதினார். ஏழு வருடம் முன்பு தன் பெயரோடு வந்த முடிவுக்கு நேர் எதிரான முடிவு, அதுவும் தன் பெயரோடு.

முந்தைய ஆய்வு ஏன் ஏமாற்றியது? ஹார்மோன் வாங்கிப் போட்ட பெண்கள் கொஞ்சம் வசதியானவர்கள், ஒழுங்காக டாக்டரைப் பார்ப்பவர்கள், உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள். அவர்கள் இதயம் நன்றாக இருந்ததில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, மற்றதன் பங்கு எவ்வளவு என்று வெறுமனே கவனித்துப் பார்ப்பதால் முழுசாகப் பிரிக்க முடியாது. சரி, அத்தோடு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை.

செய்தித்தாள்கள் 'மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது' என்று அலறின. பொய் இல்லை. ஆனால் எண்ணிக்கையில் அது, பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் மாத்திரை எடுத்தால் 30 பேருக்கு வர வேண்டியது 38 பேருக்கு வருவது. எந்தத் தலைப்பிலும் இது வரவில்லை. பெண்கள் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கவே அஞ்சினார்கள். அடுத்த தலைமுறை டாக்டர்கள் பலருக்கு இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சரியான பயிற்சியே கிடைக்கவில்லை.

சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அதாவது, பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நர்ஸ்களோ பெரும்பாலும் நின்ற கொஞ்ச காலத்திலேயே மாத்திரையைத் தொடங்கியவர்கள். ஏற்கெனவே கொழுப்பு படிந்த ரத்தக்குழாயில் ஹார்மோன் செய்வது ஒன்று, இன்னும் கெடாத குழாயில் செய்வது வேறு என்ற யோசனை வலுத்தது. 2007ல் மேன்சன் குழு, அதே திட்டத்தில் ஐம்பதுகளின் வயதில் இருந்த, கர்ப்பப்பை எடுத்த பெண்களை மட்டும் ஸ்கேன் செய்து பார்த்தது. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு குறைவாக இருந்தது. 2016ல் சக டாக்டர் ஒருவரோடு சேர்ந்து அவர் வெளிப்படையாகவே எழுதினார்: 63 வயதுப் பெண்களிடம் கண்டதை 50 வயதுக்காரிகள் மேல் சுமத்தி, அனலில் தவிப்பவர்களுக்குச் சிகிச்சையை மறுப்பது தவறு. 2017ல், 18 வருடத் தொடர்ச்சியைப் பார்த்ததில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மொத்த இறப்பில் வித்தியாசமில்லை என்ற கட்டுரையும் அவர் தலைமையில் வந்தது.

ஆனால், 'இதயத்தைக் காக்க எல்லாரும் ஹார்மோன் போடுங்கள்' என்று ஒருபோதும் பழையபடி சொல்லவில்லை. தொந்தரவு இருந்தால், வயதும் மற்ற ஆபத்துகளும் பார்த்து, தேவையான காலத்துக்கு எடுக்கலாம். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கைதட்டு வாங்காத இடம் இது. என் கண்ணுக்கு அவருடைய பெரிய சாதனை இதுதான்: தன் சோதனையின் முடிவை ஊர் தவறாகப் படித்தபோது, 'நான் என் வேலையை முடித்துவிட்டேன்' என்று போய்விடாமல் கிட்டத்தட்ட இருபது வருடம் நின்று விளக்கியது.

அப்புறம் வைட்டமின் டி. அந்த மோகம் நம் ஊருக்கும் நன்றாகத் தெரியும். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் டி குறைவு என்று சிவப்பில் வரும், அறுபதாயிரம் யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று பாலில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். மேன்சன் 25,871 பேரிடம் சோதித்தார், தினம் 2,000 யூனிட். 2018ல் முடிவு வந்தது: புற்றுநோயையும் தடுக்கவில்லை, மாரடைப்பையும் தடுக்கவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022ல் வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்கள் மட்டும் 22 சதவீதம் குறைந்தன. நோயாளிகள் வெயிலில் போவதில்லை, அதனால் டி குறைகிறது. டி குறைந்ததால்தான் நோய் வந்தது என்று நாம் தலைகீழாகப் படித்திருக்கிறோம் போலிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு பாக்கெட்டைத் தூக்கிப்போட்டு விடாதீர்கள். அந்தச் சோதனைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆரம்பத்திலேயே டி போதுமான அளவு இருந்தது. உண்மையிலேயே குறைவாக உள்ளவருக்கு அது பொருந்தாது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள், குழுவில் வரும் வீடியோவை அல்ல, என் பதிவையும் அல்ல.

இதில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. நம் பெண்களைப் பற்றிப் பேச நாம் இன்னும் பாஸ்டனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. சென்னையில் 2001ல் தொடங்கிய ஆய்வு 26,001 பேரைப் பார்த்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023ல் சொன்ன கணக்கும் சென்னை ஆராய்ச்சியாளர்களின் தலைமையில் வந்ததுதான். ஆனால் எத்தனை பேருக்கு நோய் என்பது ஒரு கேள்வி, எதனால் வந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஒரே பெண்களை முப்பது நாற்பது வருடம் விடாமல் தொடர வேண்டும். அரசு மருத்துவமனை நர்ஸ்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஊர் ஊராக ஆள் இருக்கிறார்கள். கேள்வித்தாளை மட்டும் நாமே புதிதாக எழுத வேண்டும். 'நேற்று எத்தனை துண்டு ரொட்டி?' என்று கேட்டுப் பயனில்லை. சோறு வடித்ததா குக்கரில் வைத்ததா, குழம்புக்கு எந்த எண்ணெய், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் உங்கள் தட்டுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்க வேண்டும்.